பதினாலாவது ஷரத்து

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான நிலையம்.
வாடகைக் கார் கவுண்டர், இடமிருந்து மூன்றாவது.
என் சட்டையில் 'வல்லி' என்றிருக்கும்,
மரகதத்துக்கு பேட்ஜில் இடமில்லை.

ஜூலை மாதக் காலை.
மூன்று பெண்கள், ஒரே நிறத்தில் மூன்று குரங்குக் குல்லாய்.
கோவில்பட்டி எல்.ஐ.சி. கிளையில்
ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்களாம்.
பேச்சியம்மாள் ஓட்டுவார். கோமளா வழி சொல்வார்.
"நான் பின்னாலிருந்து ஜெபம் பண்ணுவேன்" என்றார் ஜெஸிந்தா.

ஒப்பந்தத்தை நீட்டினால் எல்லோரும்
கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் தேடுவார்கள்.
இவர்கள் கண்ணாடியை மாற்றிக்கொண்டு
பொடியெழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.
"பதினாலாவது ஷரத்து. இருட்டின பிறகு
மிருகம் மோதினால் இழப்பீடு கிடையாதா?"
கிடையாது என்றேன்.
"நாங்களும் இப்படித்தான் எழுதுவோம்" என்றார் கோமளா,
தொழில் மரியாதையோடு.

வரிசையில் வேறு யாருமில்லை.
படிவத்தில் இல்லாததைத் தமிழில் சொன்னேன்.

இடப்பக்கம்தான் ஓட்டணும் அக்கா, நம்மூர் மாதிரி.
ஆபத்தே அதில்தான்,
நம்மூர் என்றே நினைத்துவிடுவீர்கள்.
ஹாரனை மறந்துவிடுங்கள்.
எதிரில் லாரி என்று ஒன்று வரும்,
மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு, முக்கால்வாசி ரயில்.
முன்னால் அது போனால் முந்தாதீர்கள்.
உளுரு எங்கேயும் ஓடிவிடாது.

இருநூறாவது கிலோமீட்டரில் எர்ல்டண்டா.
டேங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள்.
அங்கே வலப்பக்கம் திரும்பணும்.
விட்டுவிட்டால் அடிலெய்டு வந்துவிடும், நாளை மறுநாள்.

சிட்னியில் மலிவாய் வாங்கிய சிம்
பாதி வழிக்குமேல் பேசாது.
பல்லியாவது பலன் சொல்லும்,
இது அதுவும் சொல்லாது.

ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்.
வண்டி நின்றுபோனால் நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.
தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும்,
நடந்துபோன ஆள் தெரியாது.
ஸ்வெட்டரை டிக்கியில் போடாதீர்கள்,
ராத்திரி பல் தந்தியடிக்கும்.

சிவப்புக் கல் கையில் வந்து உட்காரும், அவ்வளவு அழகு.
எடுக்காதீர்கள். அது அனாங்கு மக்களின் வீடு.
படம் எடுக்காதே என்ற பலகையைப் பார்த்தால்
போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.
நம் கருவறைக்குள் யாராவது ஃப்ளாஷ் அடித்தால்
என்ன செய்வோம்?

கடைசியாக, ஒப்பந்தத்தின் பின்பக்கம்
என் சொந்த நம்பரை எழுதினேன்.
போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். போதும்.

ஜெஸிந்தா பையைத் திறந்து
கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை நகர்த்தினார்.
"ஏர்போர்ட் கார்டில் எல்லாவற்றுக்கும்
'ஆம்' என்று டிக் போட்டோம்.
கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டான். இதை விட்டான்."

கிளம்பும்போது மணி பன்னிரண்டு.
பார்க்கிங்கை மூன்று தரம் சுற்றிப் பழகினார் பேச்சியம்மாள்.
ஐந்துக்குள் சேரலாம்.
ஆறுக்கு மேல் சூரியன் காத்திருக்காது.

நாலு மணிக்கு வேறொரு வண்டி திரும்பி வந்தது.
முன்பக்கம் நசுங்கி, கிரில்லில் சாம்பல் நிற மயிர்.
நான்தான் குழாயைப் பிடித்துக் கழுவினேன்.
நேற்று ராத்திரி நடந்ததாம்.

ஐந்து.
ஆறு.
ஷிப்ட் முடிந்தும் சாவிகளை வரிசை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.
விடுதிக்குப் போன் செய்தேன்,
அப்படி யாரும் இன்னும் வரவில்லை என்றார்கள்.
ஆறே முக்கால்.
ஏன் பகலிலேயே அனுப்பினேன்,
விடியற்காலையில் போங்கள் என்றிருக்கலாமே,
உனக்கு என்னடி வந்தது, ஆயிரம் பேர் போகிறார்கள்.

ஏழு இருபதுக்கு போன் ஒரே ஒரு தரம் அடித்து அறுந்தது.

இந்திய நம்பர் இல்லை.
உள்ளூர் லேண்ட்லைன்.
எனக்குத் தெரிந்த ரோடுஹவுஸ்தான்,
உளுருவுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் முன்னாலேயே.
அங்கே செல்போன் எடுக்காது.
கல்லாவில் இருப்பவரிடம் கேட்டு,
இந்த ஒற்றை மணிக்காக நின்றிருப்பார்கள் மூன்று பேரும்.
எண்ணைச் சுழற்றி, அடித்ததும் வைத்துவிட்ட அவர்களை
அந்த ஆள் எப்படிப் பார்த்திருப்பான்!

இருட்டப் போகிறதென்று
வழியிலேயே அறை எடுத்துவிட்டார்கள்.
பணம் கட்டிய விடுதி அங்கே காலியாய்க் கிடக்க.

திருப்பிக் கூப்பிடவில்லை நான்.
மிஸ்டு காலுக்கு அதுதான் மரியாதை.
கவுண்டர் விளக்கை அணைத்துவிட்டு
பொட்டலத்தைப் பிரித்தேன்.
பல்லுக்குப் பயந்து ஓரத்தில் கடித்தேன்.